அழைத்தவனுக்கே அபயம்

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில் தலைநகர் தில்லியின் வானம் நிறம் மாறிவிடுகிறது. காலைக் கதிரவன் செம்பு நாணயம் போல் மங்கிக் கிடக்கிறான். வயல்களில் எரியும் தாளடிப் புகையும், வண்டிகளின் புகையும், குளிரில் கீழிறங்கிய மூடுபனியும் ஒன்று கலந்து நகரத்தையே போர்த்திவிடுகின்றன. மக்கள் முகக்கவசம் அணிகின்றனர். குழந்தைகளை வெளியே அனுப்ப அஞ்சுகின்றனர். காற்றைக் கெடுத்தவர் யார் என்று வாதம் செய்கின்றனர். அந்த வாதத்தின் நடுவே ஒருவர் முகக்கவசத்தைக் கீழிறக்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்ற வைக்கிறார். ஊரின் புகையை வெறுக்கிற அதே மனிதர், தம் மார்புக்குள் தாமே புகையை ஊற்றிக் கொள்கிறார்.

அவரைக் கண்டு சிரிப்பது எளிது. ஆனால் அவரது உள்ளத்தை அறிந்தவர் சிரிக்க மாட்டார். அந்தப் பழக்கம் தீங்கானது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் அதைப் பலமுறை விட்டுவிட முயன்று பலமுறை தோற்றவராகவே பெரும்பாலும் இருப்பார். 2016-17-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பட்ட புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 26 கோடியே 70 இலட்சம் பேர், ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். அவர்களுள் புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை விட்டுவிட வேண்டும் என்று எண்ணியவர்களே. விருப்பம் இருக்கிறது, விடுதலை இல்லை. இந்த இடைவெளியை எதனால் நிரப்புவது? இதற்கு விடை சொல்லும் புராணக் கதை ஒன்று உண்டு.

யானையும் முதலையும்

ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் வரும் கஜேந்திர மோட்சத்தை அறியாத பக்தர் இல்லை. சோழநாட்டில் கும்பகோணத்தை அடுத்த கபிஸ்தலம் இக்கதையோடு சேர்த்துப் போற்றப்படும் திவ்யதேசம். திரிகூட மலைச்சாரலில் வாழ்ந்த யானைகளின் அரசன், வெயிலின் தாபம் தீரத் தடாகத்தில் இறங்கினான். தீமை செய்யும் எண்ணம் அவனுக்கு இல்லை. சிறிது குளிர்ச்சி, சிறிது இன்பம், அவ்வளவே. நீருக்குள் மறைந்திருந்த முதலை அவன் காலைப் பற்றியது.

கஜேந்திரன் வலிமையற்றவன் அல்லன். அவன் இழுத்தான், முதலையும் இழுத்தது. உடன் வந்த யானைகளும் இழுத்துப் பார்த்து இயலாமல் சோர்ந்தன. ஆயிரம் ஆண்டுகள் போராட்டம் நீடித்தது என்கிறது பாகவதம். நாளாக ஆக யானையின் வலிமை குறைந்தது. முதலையின் வலிமை வளர்ந்தது. ஏன்? யானைக்கு நிலம் பலம். முதலைக்கு நீர் பலம். எதிரியின் இடத்தில் நின்றுகொண்டு, தன் ஆற்றல் ஒன்றையே நம்பி யானை போரிட்டது.

இறுதியில், தன்னால் இயலாது என்பதை உணர்ந்த அந்தக் கணத்தில், துதிக்கையை உயர்த்தி அவன் அழைத்தான். அழைத்த பிறகே ஆழி வந்தது. பகவானுக்கு ஆயிரம் ஆண்டுகளாக அந்தத் துயரம் தெரியாமல் இருந்ததா? தெரிந்தே இருந்தது. ஆனால் "எனக்கு நானே போதும்" என்று நிற்பவனுக்கு உதவி செய்ய வந்தவரும் வெளியே காத்து நிற்க வேண்டியிருக்கிறது. கதவின் தாழ் உட்புறத்தில் அல்லவா இருக்கிறது!

குருக்ஷேத்திரத்திலும் இதுவே நிகழ்ந்தது. தேரில் அமர்ந்து அர்ஜுனன் தன் வாதங்களை அடுக்கிய வரை கண்ணன் கீதையை உபதேசிக்கவில்லை. "நான் உன் சீடன், எனக்கு வழி காட்டு" என்னும் பொருள்பட அவன் கேட்ட பிறகே உபதேசம் பிறந்தது. வில்லாளிகளில் சிறந்தவனுக்கே கேட்பது இழிவாக இல்லை. உதவி கேட்பது பலவீனத்தின் அடையாளம் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட மாயை.

பிடியின் இயல்பு

புகைப் பழக்கத்தின் பிடியும் இத்தகையதே. புகையிலையில் உள்ள நிகோட்டின் என்னும் நச்சுப்பொருள், புகையை இழுத்த சில வினாடிகளில் மூளையை அடைகிறது. அங்கே இன்ப உணர்வைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கச் செய்கிறது. சிறிது நேரத்தில் அந்த இன்பம் வடிந்துவிடுகிறது. மூளை மீண்டும் கேட்கிறது. கொடுக்காவிட்டால் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, எதிலும் மனம் நிலைகொள்ளாமை. இந்தத் துன்பங்கள் விட்ட முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, பின்பு சில வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன.

இதனால் ஓர் உண்மை விளங்கும். புகைப்பவர் முதலில் இன்பத்துக்காகப் புகைத்தார். பின்னர் அது இல்லாத துன்பத்துக்கு அஞ்சியே புகைக்கிறார். சிற்றின்பங்கள் அனைத்தையும் பற்றி மகான்கள் கூறியதும் இதுதான். ஆயினும் இங்கே மனம் மட்டுமன்றி உடலும் கட்டுண்டு கிடக்கிறது. ஆகவே இது வெறும் ஒழுக்கக் குறைவு அன்று. மருத்துவம் தேவைப்படும் ஒரு நோயும் ஆகும்.

கட்டளையால் மட்டும் இந்த நோய் தீராது என்பதற்கு வரலாறு சான்று. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617-இலேயே புகையிலைக்குத் தடை விதித்தார். தில்லி அரசு 1996-இல் பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. நாடு தழுவிய புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-இல் வந்தது. அதன்கீழ் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தி ஜயந்தியன்று, பொது இடங்களில் புகைத்தலுக்கு நாடெங்கும் விரிவான தடை நடைமுறைக்கு வந்தது. இச்சட்டங்கள் அருகிலிருப்போரைப் புகையிலிருந்து காக்கின்றன; இளைஞர்கள் பழக்கத்தில் விழாமல் தடுக்க உதவுகின்றன. இவை மிகவும் தேவையானவையே. எனினும் ஏற்கெனவே காலைப் பற்றிய முதலையை அறிவிப்புப் பலகை ஒன்று விரட்டிவிடுவதில்லை.

இன்றைய இளைஞரிடையே வேறொரு வேடத்திலும் இது வந்திருக்கிறது. மின்சிகரெட், வேப் என்றெல்லாம் அழைக்கப்படும் கருவிகளில் சாம்பல் இல்லை, பீடியின் நாற்றம் இல்லை. பழத்தின் மணமும் இனிப்பின் மணமும் வீசும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அதே நிகோட்டின்தான். 2019-இல் நடுவண் அரசு இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் சட்டத்தின் மூலம் தடை செய்தது. ஆயினும் மறைவாக வாங்கும் மாணவர் உண்டு. தடை செய்யப்பட்ட பொருள் என்பதாலேயே அவர்கள் யாரிடமும் வாய் திறக்க அஞ்சுகின்றனர். அச்சம் அவர்களை மேலும் ஆழமான நீருக்குள் இழுக்கிறது. மருத்துவரின் முன் வந்து நிற்பவர் நோயாளியே என்பதை அவர்களது பெற்றோரும் ஆசிரியரும் அன்போடு உணர்த்த வேண்டும்.

ஒரு சிறுவன் எழுதிய கடிதம்

தில்லியில் யமுனைக் கரையில் ராஜகட்டம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் காந்தியடிகளின் திருமேனி எரியூட்டப்பட்ட இடம் அது. அங்கே மலர் தூவும் பலர், அந்த மகாத்மாவும் சிறுவயதில் இந்த வலையில் விழுந்தவர் என்பதை அறிந்திருப்பதில்லை. 'சத்திய சோதனை'யில் அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உறவினர் ஒருவருடன் சேர்ந்து, சிற்றப்பா புகைத்து எறிந்த சிகரெட் துண்டுகளை எடுத்துப் புகைத்தார். துண்டுகள் போதாமல் வேலைக்காரரின் பையிலிருந்து செப்புக் காசுகளைத் திருடினார். பெரியவர்களின் அனுமதியின்றி ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற விரக்தியில் ஊமத்தை விதை தின்று உயிர்விடவும் துணிந்து, பின் அஞ்சி நின்றார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகே புகையை விட்டார்.

ஆனால் திருடும் குணம் முழுமையாக நீங்கவில்லை. தமையனின் கடனைத் தீர்ப்பதற்காக, அவரது கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். அப்போது அவருக்கு வயது 15. அந்தக் குற்றம் அவரை உறுத்தியது. நேரில் சொல்ல நா எழவில்லை. தவறு முழுவதையும் தாளில் எழுதி, தண்டனையும் வேண்டி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுத்தார். தந்தை படித்தார். அவர் கண்ணீர் தாளை நனைத்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் தாளைக் கிழித்தெறிந்தார். அந்தக் கண்ணீர்த் துளிகள் தம்மைத் தூய்மைப்படுத்தியதாகவும், அகிம்சையின் ஆற்றலை அன்று கண்டதாகவும் காந்தியடிகள் பின்னாளில் உணர்ந்தார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. மறைத்து வைக்கும் வரை தீய பழக்கத்துக்கு உயிர் இருக்கிறது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவிட்டால் அதன் வேர் தளர்கிறது. இது சொல்ல வேண்டியவருக்கான பாடம். கேட்ட தந்தை ஏசவில்லை, அடிக்கவில்லை, அழுதார். இது கேட்க வேண்டியவருக்கான பாடம்.

பெட்டியிலேயே இருக்கும் எண்

தில்லி ராமகிருஷ்ணபுரத்தின் அரசுக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத் தலைவரை மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம். இருபது ஆண்டுகளாகப் புகைக்கிறார். சத்சங்கத்துக்கு வரும்போது வாயில் ஏலக்காயும் கிராம்பும் மெல்லுகிறார். கடைசி வரிசையில் அமர்கிறார். பிரசாதம் வாங்கும்போது மூச்சை அடக்கிக் கொள்கிறார். "முதலில் இதை விட்டுவிட்டு, பிறகு முன்வரிசைக்குப் போவோம்" என்பது அவர் எண்ணம். விடுவதும் இல்லை, முன்னே போவதும் இல்லை. ஒருநாள் அவர் மகள், கோட்டுப்பையில் இருந்த பெட்டியைக் கையில் எடுத்து வந்து, "அப்பா, இந்தப் பெட்டியிலேயே உதவி கேட்பதற்கு ஓர் எண் போட்டிருக்கிறதே, பார்த்தீர்களா?" என்று கேட்கிறாள்.

அவர் பார்த்ததில்லை. பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்தும் படித்ததில்லை. 1800-11-2356 என்னும் அந்தக் கட்டணமில்லாத் தொலைபேசி எண், 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புகையிலைப் பொருள்களின் உறைகளில் அச்சிடப்பட்டு வருகிறது. கட்டும் கயிற்றின் மீதே அவிழ்க்கும் வழியும் எழுதப்பட்டிருக்கிறது!

அதே ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின் மேல் நிற்கும் மலைமந்திரில் எழுந்தருளியிருப்பவன் சுவாமிநாதன். தந்தைக்கு உபதேசித்த தனயன். பரமசிவனே பிள்ளையின் முன் சீடனாக அமர்ந்து கேட்டார் என்றால், மகளின் சொல்லைக் கேட்பதில் ஒரு தந்தைக்கு என்ன குறைவு? பல இல்லங்களில் ஆண்டவன் குழந்தைகளின் வாய் வழியாகவே பேசுகிறான்.

அந்த எண்ணில் அழைத்தால் என்ன நேரும்? தேசியப் புகையிலை விடுவிப்புத் தொலைபேசிச் சேவை 2016-ஆம் ஆண்டு, தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வல்லபபாய் படேல் மார்புநோய்க் கழகத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் பெங்களூரு, மும்பை, குவாஹாட்டி நகரங்களின் மருத்துவ நிலையங்களிலும் விரிவடைந்ததால், இந்தி, ஆங்கிலம் தவிர மற்ற மாநில மொழிகளிலும் உரையாட வழி ஏற்பட்டது. மறுமுனையில் இருப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். எத்தனை ஆண்டுப் பழக்கம், விழித்தவுடன் புகைப்பதுண்டா, எந்த நேரங்களில் மனம் தவிக்கிறது, முன்பு விட முயன்றபோது எதனால் தவறியது என்று நிதானமாகக் கேட்டறிகிறார். விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் செய்கிறார். பின்பு தாமே மீண்டும் அழைத்து நலம் விசாரிக்கிறார். அதட்டல் இல்லை, பழிப்பு இல்லை.

நேரில் செல்ல விரும்புவோருக்கும் தலைநகரில் வழிகள் உண்டு. மேற்சொன்ன மார்புநோய்க் கழகத்தில் புகையிலை விடுவிப்பு மையம் இயங்குகிறது. தில்ஷாத் கார்டனில் உள்ள மனநலக் கழகமான இப்பாஸிலும், எய்ம்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த காசியாபாத் போதைப்பழக்கச் சிகிச்சை மையத்திலும் அடிமைப் பழக்கங்களுக்கு மருத்துவம் செய்யப்படுகிறது. பான்பராக், குட்கா, கைனி மெல்லுவோர் வாய்ப்புண்ணையும் வெள்ளைத் திட்டுகளையும் அலட்சியம் செய்யாமல் மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கழகம் போன்ற நிலையங்களில் காட்டுதல் நலம். தில்லிக்கு வெளியே வாழும் அன்பர்கள் தத்தம் மாவட்ட அரசு மருத்துவமனையில் புகையிலை விடுவிப்பு மையத்தை விசாரிக்கலாம். தொலைபேசிச் சேவையோ நாடு முழுவதற்கும் பொது.

மந்திரமும் மருந்தும்

சில பக்தர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழும். "நாமஜபம் செய்பவனுக்கு மருந்து எதற்கு? குருவருள் போதாதா?" காய்ச்சல் வந்தால் மருத்துவரை நாடுகிற அதே அன்பர், இதற்கு மட்டும் மருத்துவரை நாடுவது பக்திக் குறைவு என்று கருதுவது பொருந்தாது. மருந்துக்குள் குணமாக்கும் ஆற்றலை வைத்தவனும், மருத்துவனுக்கு அறிவைத் தந்தவனும் இறைவனே. அருள் எப்போதும் கருடன் மீது ஏறித்தான் வர வேண்டும் என்பதில்லை. தொலைபேசியின் மறுமுனையில் ஒரு குரலாகவும் வரலாம்.

மருந்துகளின் பயனும் ஆராய்ந்து உறுதி செய்யப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆலோசனையும் மருந்தும் இணையும்போது வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்கிறது. நிகோட்டின் சூயிங்கம் அவற்றுள் ஒன்று. அதை மிட்டாய் போல் மென்று தள்ளக்கூடாது. மெதுவாகச் சிலமுறை மென்று, காரம் தெரிந்தவுடன் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். எவருக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இருதய நோயாளிகளும் கருவுற்ற தாய்மார்களும் தாமாக எதையும் தொடங்கலாகாது.

அப்படியானால் சாதனைக்கு இடம் எங்கே? மிக முக்கியமான இடம் அதற்கு உண்டு. மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல் கடினம் என்று அர்ஜுனன் முறையிட்டபோது, அப்யாசம், வைராக்கியம் ஆகிய இரண்டினால் அது வசப்படும் என்று கண்ணன் அருளினான். புகைக்க வேண்டும் என்னும் தவிப்பு ஓர் அலை. எழுந்து, உயர்ந்து, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களைத் தள்ளிப்போடும்படியும், தண்ணீர் பருகும்படியும், ஆழ்ந்து மூச்சுவிடும்படியும், வேறு செயலில் ஈடுபடும்படியும் ஆலோசகர்கள் கூறுகின்றனர். ஜபமாலையை ஒருமுறை உருட்டி முடிப்பதற்கும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகும். அலை எழும்போது மாலையைக் கையில் எடுப்பவர், மாலை முடியும்போது அலை போய்விட்டதைக் காண்பார். இது அப்யாசம்.

முதலையின் நீரை விட்டுக் கரையேறுவது வைராக்கியம். தேநீர்க் கடையின் அந்த மூலை, அலுவலக மாடிப்படி, சில்லறையாக ஒற்றைச் சிகரெட் விற்கும் பான் கடை, உணவுக்குப் பின் நண்பர் நீட்டும் கை ஆகியவைதாம் அந்த நீர். குறித்த நாளுக்கு முன்னதாகவே தீப்பெட்டியையும் சாம்பல் கிண்ணத்தையும் வீட்டிலிருந்து அகற்ற வேண்டும்; சில வாரங்களுக்கு அந்த இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

வழுக்கினால் எழுவது

இத்தனை செய்தும் சிலர் மீண்டும் வழுக்குவர். ஒரு திருமண வீடு, ஒரு துக்கச் செய்தி, மேலதிகாரியின் ஒரு கடுஞ்சொல் போதும். அந்த ஒரு சிகரெட்டைவிட, அதற்குப்பின் வரும் "எல்லாம் போயிற்று" என்ற எண்ணமே அதிகக் கேடு செய்கிறது. நடை பழகும் குழந்தை விழுந்தபோது தாய் அதன் விழுதலை எண்ணுவதில்லை; எழுதலையே எண்ணுகிறாள். பலமுறை முயன்ற பிறகே நிலையாக விட்டவர்கள் மிகப்பலர். விழுந்தவர் அதே எண்ணில் மீண்டும் அழைக்கலாம். அதே மருத்துவரிடம் மீண்டும் செல்லலாம். இரண்டாம் முறை அழைத்தவனுக்கு அபயம் இல்லை என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

உடலும் மன்னிக்கக் காத்திருக்கிறது. கடைசிச் சிகரெட்டை அணைத்த இருபது நிமிடங்களில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் குருதியில் கலந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இயல்பு நிலைக்கு இறங்குகிறது. ஓராண்டில் மாரடைப்பு அபாயம் புகைப்பவருக்கு இருப்பதில் ஏறத்தாழ பாதியாகிறது. பத்தாண்டுகளில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் ஏறத்தாழ பாதியாகிறது. இருபது ஆண்டுகள் இழைத்த தீங்கைக் கணக்கில் வைத்துப் பழிவாங்காமல், விட்ட நிமிடத்திலிருந்தே பழுது பார்க்கத் தொடங்கும் இந்த உடலை அமைத்தவனின் கருணையை என்னவென்பது!

கேட்பவரின் கடமை

இறுதியாக, புகைக்காத அன்பர்களுக்கும் இதில் கடமை உண்டு. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் ஆடையில் புகை நாற்றம் வீசும்போது, சற்று நகர்ந்து அமர்வது எளிது. முகத்தைச் சுளிப்பது அதனினும் எளிது. ஆனால் அந்த ஒரு சுளிப்பு அவரைச் சத்சங்கத்திலிருந்தே விரட்டிவிடக்கூடும். விரட்டப்பட்டவர் செல்லும் இடம் மீண்டும் அந்தப் பான் கடையே. மாறாக, அருகில் சென்று, "நாளைக் காலை மருத்துவமனைக்கு நானும் உடன் வருகிறேன்" என்று சொல்பவர் அன்று செய்த சேவை, பல அர்ச்சனைகளுக்கு ஈடாகும். தில்லிக் குளிரில் படேல் மார்புநோய்க் கழகத்தின் வெளிநோயாளி வரிசையில் ஒருவருக்குத் துணையாக நிற்பதும் வழிபாடே.

அந்த ராமகிருஷ்ணபுரத்துத் தந்தை தொலைபேசியைக் கையில் எடுத்தாரா? ஒவ்வோர் இல்லத்திலும் அதற்கான விடை இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது. எண் பெட்டியின் மேல் இருக்கிறது. மகள் எதிரே நிற்கிறாள். கஜேந்திரன் துதிக்கையை உயர்த்த ஆயிரம் ஆண்டுகள் ஆயின; மனிதனுக்கு அத்தனை ஆயுள் இல்லை.

புகைச் சிறையில் தவிக்கும் ஒவ்வொருவருக்கும் வாய் திறந்து கேட்கும் துணிவையும், கேட்போருக்குக் கனிந்து செவிசாய்க்கும் நெஞ்சையும் ஆதிமூலமாகிய பரம்பொருள் அருள்வாராக.